ஃபிரிட்ஜுக்கு ஓய்வு

"எங்க வீட்டுல ஒரு மிஷினும் உழைக்க மாட்டேங்குது, மிஸ்," என்றார் குற்றாலிங்கம்.

ஜெசிந்தா மிஸ் திரும்பவில்லை. முதுகு காட்டி நின்ற ஒரு ஃபிரிட்ஜைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கம்பிகளிலிருந்து தூசி பஞ்சு பஞ்சாக விழுந்தது.

"மிக்சி நாலு வருஷத்துல போயிட்டு. வாஷிங் மிஷின் ஆறு வருஷம். ஃபிரிட்ஜு இது மூணாவது. இதுவும் இப்ப முனக ஆரம்பிச்சிட்டு."

தூசி விழுந்தது.

"ஏனோதானோன்னு வச்சிருக்கவன் இல்ல நான். தாங்கு தாங்குன்னு தாங்குதேன். எல்லாத்துக்கும் உறை போட்டிருக்கேன். ஃபிரிட்ஜு மேல கம்பெனிக்காரன் ஒட்டுன பேப்பரக்கூட இன்னும் உரிக்கல. அப்புறமும் ஏன் உழைக்க மாட்டேங்குது?"

"உழைக்கவா விட்டீங்க?" என்றாள் மிஸ்.

ஓரமாக உட்கார்ந்து ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்த மிக்கேல் சிரித்தான்.

*

தூத்துக்குடியில் ஃபிரிட்ஜும் ஏசியும் பார்க்கிற மெக்கானிக்குகளில் பாதிப் பேர் ஜெசிந்தாவிடம் படித்தவர்கள். ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் பதினோரு வருஷம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டு உப்பளத்துக்குப் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டாள். வயது நாற்பத்தைந்துதான். ஆனாலும் எல்லோருக்கும் மிஸ்.

மிஸ் வாயைத் திறந்து எதையும் விளக்க மாட்டாள் என்பதுதான் அவளைப் பற்றிய பேச்சு.

"நான் ஒருதடவ கேட்டேன் அண்ணாச்சி. ஏசி ஓடுது, குளிர மாட்டேங்குதே, ஏன்னு," என்றான் மிக்கேல். அவனுக்கே நாற்பது வயது இருக்கும். "மிஸ் என் மூக்கப் பொத்திட்டாங்க. நான் துள்ளுதேன், விட மாட்டேங்காங்க. கண்ணு முழி பிதுங்குன பொறவு விட்டுட்டு வேலையப் பாக்கப் போயிட்டாங்க. ஓடிப்போயி ஃபில்டரக் கழுவுனேன். அன்னைல இருந்து எந்த ஏசியப் பாத்தாலும் முதல்ல ஃபில்டருதான். வாயால சொல்லிருந்தா மறந்திருப்பேன். மூக்கு மறக்குமா?"

இதைக் கேள்விப்பட்டுத்தான் குற்றாலிங்கம் வந்திருந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிட்டங்கியில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வந்த பெட்டியை வந்தபடியே வைத்திருந்து, கேட்ட அன்று எடுத்துக் கொடுப்பதுதான் அங்கே வேலை. அத்தனை வருஷத்தில், அந்த உப்புக்காற்றில், அவர் காவலில் இருந்த ஒரு சாமானும் கெட்டதில்லை.

ஒரு சாமானும் அங்கே ஓடியதில்லை என்பதை அவர் யோசித்ததில்லை.

"எனக்கு ரிப்பேர் கத்துக்கிட வேண்டாம், மிஸ்," என்றார். "கெட்டுப்போகாம வச்சிருக்கது எப்படின்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

"இப்ப எப்படி வச்சிருக்கீங்க?"

"ரெஸ்ட் குடுக்கேன்."

"எதுக்கு?"

"ஃபிரிட்ஜுக்கு. தினம் மூணு தடவ அணைச்சிருவேன். காலைல ஒரு மணி நேரம், மத்தியானம் ரெண்டு, சாயந்தரம் ஒண்ணு. மனுசனுக்கே ரெஸ்ட் வேணும்லா? அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

"ஞாயித்துக்கிழமை லீவு உண்டா அண்ணாச்சி?" என்றான் மிக்கேல்.

மிஸ் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"எந்திரிங்க."

எழுந்தார்.

"உக்காருங்க. எந்திரிங்க. உக்காருங்க."

ஏழாவது தடவை முழங்கால் நடுங்கியது. பதினொன்றாவது தடவை சுவரைப் பிடித்துக்கொண்டார். பதினைந்தில் வாயால் மூச்சு வாங்கினார். மிக்கேல் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

"எங்கன கஷ்டம்?" என்றாள் மிஸ். "உக்காரும்போதா, எந்திரிக்கும்போதா?"

"எந்திரிக்கும்போது."

மிஸ் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

*

பஸ்ஸில் வரும்போது குற்றாலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

எழுந்திருப்பதுதான் கஷ்டம். உட்கார்ந்திருப்பது கஷ்டமே இல்லை. அந்த ஜீவனைத் தினம் மூன்று தடவை எழுப்பியிருக்கிறார். மூன்று வருஷம். எவ்வளவு பெரிய பாவம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"வடிவு, இனிமே மூணு தடவ கிடையாது. ஒரே தடவதான்."

"என்னது?"

"ஃபிரிட்ஜு. காலைல ஒம்பது மணிக்கு அணைச்சா சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான் போடணும். நடுவுல எழுப்பக் கூடாது. எட்டு மணி நேரம் நிம்மதியா உறங்கட்டும்."

வடிவு மிக்சிக்குத் தைத்த உறையில் நாடா கோத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் மிக்சிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, டி.வி.க்கு உறை, ரிமோட்டுக்கு உறை.

"இந்த வீட்டுல எனக்கு மட்டுந்தான் இன்னும் உறை தைக்கல," என்றாள்.

"வெளையாடாத."

"பாலு திரிஞ்சு போவும்."

"அன்னன்னைக்கு வாங்கிக்கிடுவோம்."

"என் ஊசி மருந்து?"

அதை அவர் ஏற்கெனவே யோசித்திருந்தார். வடிவுக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. மருந்துப் புட்டியை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

"கதவுல வைக்காம உள்ள தள்ளி வச்சிட்டேன். ஐஸ் பெட்டிய ஒட்டி. அங்கனதான் குளிர்ச்சி நிக்கும். சாயந்தரம் போடும்போது குமிழக் கடைசி நம்பருக்குத் திருப்பி விட்டிருவேன். பகல்ல விட்ட குளிர்ச்சிய ராத்திரில பிடிச்சிரும்."

வடிவு நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

*

இரண்டு வாரம் கழித்து ஒரு சீப்புப் பழத்தோடு கொட்டகைக்குப் போனார்.

"புரிஞ்சுட்டு, மிஸ்."

மிஸ் ஒரு ஃபிரிட்ஜின் கதவிடுக்கில் காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடி, இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கதவின் ரப்பரைத் தடவினாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது புரிஞ்சுட்டு. முனகல்கூட கொறஞ்சிருக்கு."

"நல்லது," என்றாள்.

என்ன புரிந்தது என்று கேட்கவில்லை. கேட்பது அவள் வழக்கமில்லை.

குற்றாலிங்கம் கை கூப்பிவிட்டு வந்தார்.

*

வடிவின் சர்க்கரை ஏற ஆரம்பித்தது.

முதலில் நூற்று நாற்பதிலிருந்து இருநூற்றுப் பத்து. அடுத்த மாதம் இருநூற்று எண்பது. தாகம், அசதி, உள்ளங்காலில் எரிச்சல்.

"மருந்து ஃபிரிட்ஜுலதான வைக்கீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஃபிரிட்ஜுலதான் டாக்டர்," என்றார் குற்றாலிங்கம். உண்மைதானே.

"அப்ப வாயக் கட்டணும்மா," என்று டாக்டர் வடிவிடம் சொன்னார். ஊசி அளவை இருபதிலிருந்து இருபத்தெட்டாக ஏற்றினார். மறுமாதம் முப்பத்தாறு.

வாயைக் கட்ட வேண்டும் என்ற சொல் குற்றாலிங்கத்தின் மனசில் தங்கிவிட்டது.

வடிவு ஒளித்துவைத்துத் தின்னும் இனிப்பு எங்கே என்று அவர் தேடினார். அரிசி டிரம்முக்குள், சாமி படத்துக்குப் பின்னால், தலையணை உறைக்குள், தையல் மிஷின் இழுப்பறையில். ஒன்றும் கிடைக்கவில்லை. தடயம் விடாமல் எடுக்கிறவன் பழகிய திருடன். கிட்டங்கியில் அவர் கற்ற பாடம் அது.

சீனி, கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாவற்றையும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வடிவு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அரிசியையும் தூக்கி உள்ள வைங்க. அதுலயும் சீனி இருக்குன்னு டாக்டர் சொன்னாரு."

"எங்கன ஒளிச்சு வச்சிருக்கன்னு சொல்லிரு. நான் கோவப்பட மாட்டேன்."

"வயித்துக்குள்ள."

"வடிவு."

"மருந்துலதான் திரி திரியா என்னமோ மிதக்கு. அதப் பாருங்க."

"நல்லா உருட்டிப் போடு, கரைஞ்சிரும்."

அதற்குப் பிறகு அவளும் வேடிக்கையாகப் பேசுவதை விட்டுவிட்டாள். அவர் உள்ளே வந்தால் அடுக்களையை விட்டு வெளியே வந்து நின்றுகொள்வாள். கையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். அவர் அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்.

*

ஒரு வியாழக்கிழமை காலையில் பழைய மருந்து தீர்ந்திருந்தது. எப்போதும் முன்கூட்டியே வாங்கி ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்திருக்கும் அடுத்த புட்டி அன்று இல்லை. குற்றாலிங்கம் கடை திறக்கிறவரை காத்திருந்து புதுப் புட்டி வாங்கி வந்தார். எட்டு மணிக்கு அதிலிருந்தே உறிஞ்சி அவரே ஊசி போட்டார். முப்பத்தாறு. கோடு பிசகாமல்.

"இட்லி ஆறுது, சாப்பிடு."

"வேண்டாம்."

"ஊசி போட்டுட்டு சாப்பிடாம இருக்கக் கூடாது."

"தின்னாத்தான உங்களுக்குச் சந்தேகம். இன்னைக்கு ஒண்ணும் திங்கல. சாயந்தரம் சோதிச்சுப் பாருங்க. அப்பவும் ஏறியிருந்தா என்ன சொல்லுதீங்கன்னு பாக்கேன்."

ஒரு நாள் பட்டினி கிடந்தால் குறையத்தானே செய்யும், நல்லதுதான் என்று அவருக்குத் தோன்றியது. வற்புறுத்தவில்லை. ஒன்பது மணிக்கு ஃபிரிட்ஜை அணைத்தார். பீரோவை இழுத்துப் பார்த்தார். பஸ் ஏறினார்.

கொட்டகையில் மிஸ் ஒரு வாஷிங் மிஷினின் அடியில் மட்டப்பலகை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு காலில் ஒன்று தரையைத் தொடவில்லை. மிக்கேல் அந்தக் காலைத் திருகிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு மிஷினப் பத்தி இல்ல, மிஸ்," என்றார் குற்றாலிங்கம். "வீட்டுல ஒரு திருட்டு. வெளியாள் இல்ல. எப்படிப் பிடிக்கது?"

மிஸ் மட்டப்பலகையை இன்னொரு மூலைக்கு நகர்த்தினாள்.

அவரே சொன்னார். சர்க்கரை ஏறியது, டாக்டர் சொன்னது, தேடியது, பூட்டியது. சொல்லச் சொல்ல அவருக்கே தம் பக்கம் நியாயம் கூடிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

"மருந்த இருபதுல இருந்து முப்பத்தாறு வரைக்கும் ஏத்தியாச்சு, மிஸ். அப்பவும் எறங்கல. திங்காம எப்படி ஏறும்?"

மிஸ் மட்டப்பலகையை எடுத்துவிட்டாள்.

"மருந்து எங்க இருக்கு?"

"ஃபிரிட்ஜுல."

"ஃபிரிட்ஜுல எங்க?"

"ஐஸ் பெட்டிய ஒட்டி."

"குமிழ் எதுல வச்சிருக்கீங்க?"

"கடைசில. பகல் முழுக்க அணைச்சிருக்குல்லா. அதுக்கு ஈடு கட்டணும்லா."

மிஸ் எழுந்து நின்றாள்.

"காலைல எடுக்கும்போது மருந்து எப்படி இருக்கும்?"

"கெட்டியா இருக்கும். கொஞ்ச நேரம் வெளிய வச்சா இளகிரும்."

மிக்கேல் திருகுவதை நிறுத்தினான்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரில தடுப்பூசி வைக்க ஃபிரிட்ஜ ரிப்பேர் பாத்த கை இது," என்றாள் மிஸ். "உறைஞ்ச மருந்து செத்த மருந்து, அண்ணாச்சி. அப்புறம் இளகினாலும் செத்ததுதான். அவங்க திருடித் திங்கல. நீங்க போட்டது வெறுந்தண்ணி மாதிரி."

குற்றாலிங்கத்துக்கு முதலில் வந்தது வெட்கம்கூட இல்லை. ஒரு நிம்மதி. திருட்டு இல்லை.

"அப்ப நல்லதாப் போச்சு மிஸ். அந்தப் புட்டியும் தீந்துட்டு. காலைலதான் புதுசு வாங்கியாந்தேன்."

"புதுசு ஃபிரிட்ஜுல உறைஞ்சுதா?"

"இல்லையே. வந்ததும் அதுலதான் போட்டுட்டு வாரேன்."

"எவ்வளவு?"

"முப்பத்தாறு."

மிஸ்ஸின் முகத்தில் அவர் அதுவரை பார்க்காத ஒன்று வந்தது.

"அது செத்த மருந்துக்கு ஏத்துன அளவு. உயிரோட இருக்க மருந்துல போட்டுட்டீங்க. சர்க்கரை அடியோட எறங்கிரும். சாப்பிட்டாங்களா?"

ஆறிப்போன இட்லிதான் அவர் கண்முன் வந்தது.

"சாப்பிட்டாங்களா?"

"இல்ல."

"போன் போடுங்க."

"வீட்டுப் போன அணைச்சு வச்சிருக்கேன், மிஸ்."

"ஏன்?"

"பேட்டரி," என்றார். அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை.

*

"மிக்கேல், நூத்தியெட்டுக்குச் சொல்லு. அண்ணாச்சி, அவன்கிட்ட வீட்டு விலாசத்தச் சொல்லுங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். குற்றாலிங்கம் பின்னால் ஏறினார். இருபத்தோரு வயது இளையவள் தோளைப் பிடிக்கக் கூச்சமாக இருந்தது. முதல் பள்ளத்தில் பிடித்துவிட்டார்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது.

துறைமுகத்துக்குப் போகிற சரக்கு வண்டி. ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி. அவசரமே இல்லாமல் போனது. மணி பத்தரை ஆகியிருந்தது.

"நீங்க சொன்னபடிதான மிஸ் செஞ்சேன்," என்றார். "உக்கார வச்சு எந்திரிக்க வச்சீங்க. எந்திரிக்கதுதான் கஷ்டம். அதான் ஒரே தடவ எழுப்புனேன்."

"அணைக்காதீங்கன்னுதான் சொன்னேன்."

"அப்படிச் சொல்லலையே, மிஸ்."

பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"சொல்லல," என்றாள்.

பிறகு தலையைத் திருப்பாமல், சின்ன வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இப்பச் சொல்லுதேன். கேட்டுக்கிடுங்க. வீட்டுக்குப் போனதும் சீனி. மூணு கரண்டி, அர டம்ளர் தண்ணி. கூப்பிட்டா முழிக்காங்க, முழுங்க முடியுதுன்னா மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கணும். நினைவு இல்லன்னா வாயில ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. பக்கவாட்டுல படுக்க வச்சு வண்டி வரவரைக்கும் பக்கத்துல இருக்கணும்."

"சீனியா?"

"சீனி."

"அவளுக்கா, மிஸ்?"

"அவங்களுக்குத்தான். திருப்பிச் சொல்லுங்க."

"சீனி. மூணு கரண்டி."

"அப்புறம்?"

"அர டம்ளர் தண்ணி. முழிச்சிருந்தா மட்டும்."

"இல்லன்னா?"

"ஊத்தக் கூடாது."

"இன்னொருக்க."

அவர் இன்னொரு தடவை சொன்னார். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். அறுபத்தாறு வயது மனிதர் ஒருவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, சீனி மூணு கரண்டி, சீனி மூணு கரண்டி என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

கேட் எழுந்தது.

*

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை.

அடுக்களையில் வடிவு இல்லை. இட்லி தட்டு மூடியபடி இருந்தது. வீடு சத்தமே இல்லாமல் இருந்தது. ஃபிரிட்ஜ்கூட முனகவில்லை.

"வடிவு."

உள்ளறையில், இரும்பு பீரோவின் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்க வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. உதடு வெளுத்து, கை தூக்கித் தூக்கிப் போட்டது.

மடியில் ஒரு இரும்புத் தோசைத் திருப்பி கிடந்தது. நுனி வளைந்திருந்தது.

பீரோக் கதவின் விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்து, நெம்பிய தடம் நான்கைந்து இடத்தில் பளபளத்தது.

"வடிவு, வடிவு," என்று மிஸ் கன்னத்தைத் தட்டினாள். கண் பாதி திறந்து செருகியது. "முழிக்காங்க. முழுங்குவாங்க. சீனிய எடுங்க."

பீரோவைத் திறக்க வடிவை நகர்த்த வேண்டியிருந்தது. மிஸ் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வடிவு கனமாக, ஈரமாக, அவள் தோளில் சாய்ந்தாள். என்னவோ முனகினாள். சொல்லாக இல்லை.

குற்றாலிங்கம் சாவிக் கொத்தை எடுத்தார். முப்பத்தோரு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு சாவி எடுத்த கை. முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்து திரும்பவில்லை. கொத்து கீழே விழுந்தது.

"மெதுவா," என்றாள் மிஸ். "ஒவ்வொண்ணா."

மூன்றாவது திறந்தது.

சீனி டப்பா மேல்தட்டில், ஒரு துணிப்பைக்குள் இருந்தது. பையின் வாயைச் சணலால் கட்டியிருந்தார். டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பை. பைக்குள் இன்னொரு பை. எறும்பு ஏறக் கூடாது, ஈரம் கோக்கக் கூடாது என்று மூன்று ரப்பர் பேண்ட். அவர் கட்டியதை அவரால் அவிழ்க்க முடியவில்லை. நகம் வழுக்கியது.

"மிஸ், வரல."

அவள் ஒரு கையால் வடிவைத் தாங்கிக்கொண்டே மறு கையை நீட்டிப் பையை வாங்கி, பல்லால் கிழித்தாள். சீனி தரையெல்லாம் கொட்டியது. மிச்சத்தை டம்ளரில் போட்டாள்.

"தண்ணி."

கொண்டுவந்தார்.

"விரலாலயே கலக்குங்க."

கலக்கினார்.

"நீங்க குடுங்க. நான் தலையப் பிடிச்சுக்கிடுதேன்."

முதல் மிடறு கடைவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. அவர் மிஸ்ஸைப் பார்த்தார்.

"இன்னும்."

இரண்டாவதும் வழிந்தது. ஆனால் தொண்டை அசைந்தது.

"இன்னும். கொஞ்சம் கொஞ்சமா."

மூன்றாவது உள்ளே போனது. நான்காவது. டம்ளரின் விளிம்பு வடிவின் பல்லில் மோதிக் கிணுகிணுத்தது. வெளியே எங்கோ தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு, தெரு திரும்பத் தெரியாமல் வேறு பக்கம் போனது. மறுபடி கேட்டது.

"வடிவு," என்றார். "இங்க பாரு. வடிவு."

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிஷம். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. தரையில் கொட்டிய சீனி முழங்காலில் குத்தியது. நகரவில்லை.

கை தூக்கிப் போடுவது நின்றது.

வடிவின் நாக்கு நுனி வெளியே வந்து உதட்டைத் தடவியது. மறுபடி தடவியது. இனிப்பு தெரிந்திருக்க வேண்டும். நெற்றி சுருங்கியது. கண் திறந்தது. முதலில் திறந்துகிடந்த பீரோவைப் பார்த்தது. பிறகு தரையில் சிந்திக் கிடந்த சீனியை. பிறகு அவரை.

அவர் முகத்தைப் பார்த்ததும் வடிவு கால்களைச் சுருக்கிக்கொண்டாள். புறங்கையால் வாயை அவசர அவசரமாகத் துடைத்தாள்.

"நான் எடுக்கலங்க," என்றாள்.